தனியறையில் ஒரு கணினி

மாணவிகள் விடுதியின் வாசலில் அவள் வந்து நின்றபோது மணி பத்து. முந்தின நாள் முழுக்கப் பெய்த மழை விடியலில்தான் ஓய்ந்திருந்தது. தரைத்தளமும் மூன்று மாடிகளும் கொண்ட பழைய கட்டடம். முழங்கை நீளத்துக்குத் தடித்த கருங்கல் சுவர். உள்ளே நாலடி வைத்ததும் கைப்பேசியில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக இறங்கி இல்லாமலே போயின.

"உள்ள வந்தா போன் வெறும் டப்பாதாம்மா," என்றார் வார்டன் அம்மா, சாவிக்கொத்தைக் குலுக்கியபடி. "பேசணும்னா வாசலுக்கு வரணும், இல்ல மொட்டை மாடிக்குப் போகணும். இந்தச் சுவரைக் கட்டினவன் காத்தைக் கூட கேட்டுட்டுத்தான் உள்ள விடணும்னு கட்டியிருக்கான்."

அவள் சிரித்தாள். கல்லூரியின் கணினிப் பிரிவில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் வேறொரு ஊரில், பல கல்லூரிகளுக்குத் தொலைவிலிருந்தே உதவி செய்யும் ஒரு நிறுவனத்தில் ஐந்து வருடம். இந்தக் கல்லூரியும் அந்தப் பட்டியலில் இருந்ததுதான். முகம் பார்த்ததில்லை, கட்டடம் பார்த்ததில்லை. திரையில் அறை எண் வரும், குறை வரும், ஒரு பொத்தானை அமுக்கினால் பதில் போகும். ஒரு நாளைக்கு நூற்றைம்பது பதில். நிறுவனத்தை இழுத்து மூடியபோது அவளுக்குப் பெரிய வருத்தமில்லை. இனியாவது மனிதர்களின் முகத்தைப் பார்த்து வேலை செய்யலாம் என்றுதான் இங்கே வந்தாள்.

வேலையும் அப்படித்தான் இருந்தது. மறுநாள் காலையிலிருந்து நூற்றிருபது பெண்கள் மடிக்கணினியும் கையுமாக வந்து நிற்பார்கள். ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும். வைரஸ் தடுப்பு இருக்கிறதா, புதுப்பிப்புகள் போட்டிருக்கிறதா, பாஸ்வேர்டு பேருக்காவது வைத்திருக்கிறார்களா. எல்லாம் சரியென்றால் அந்தக் கணினிக்கே உரிய அடையாள எண்ணைப் பதிவில் ஏற்றி, விடுதியின் வலைக்குள் விட வேண்டும். அதுவரை அது 'தனியறை'யில் கிடக்கும். தனியறை என்பது அவர்கள் தொழிலில் வைத்துக்கொண்ட பெயர். நோய் கண்டவரை ஒதுக்கி வைப்பது போலத்தான். அறைச் சுவரில் வயரைச் சொருகியிருந்தாலும் அந்தக் கணினிக்கு வெளியுலகம் கிடையாது, பக்கத்து அறை கூடக் கிடையாது. ஒரே ஒரு பக்கம் மட்டும் திறக்கும். உதவி கேட்கும் பக்கம்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த இரும்பு அலமாரியைத் திறந்தாள். அறைக்கு ஒன்றாக அறுபத்தெட்டு வயர்கள் மேலிருந்து இறங்கி, பெட்டியில் வரிசையாகச் சொருகியிருந்தன. எந்த அறையிலும் இன்னும் ஆள் இல்லை. ஆகவே எல்லா விளக்கும் அணைந்திருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் பச்சையாகத் துடித்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் மாடி, பதினேழு.

மடிக்கணினியைத் திறந்து பார்த்தாள். தனியறையில் ஒரு கணினி இருந்தது.

"பதினேழா?" வார்டன் அம்மா சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அது சாமான் போடற ரூம். உடைஞ்ச கட்டில், நாற்காலி, இதுகதான். யாரும் இல்ல."

"பழைய கம்ப்யூட்டர் ஏதாவது உள்ள கிடக்குதோ?"

"கிடந்தா நான் பார்த்திருக்க மாட்டேனா?"

அவளே மேலே ஏறிப் போனாள். மூன்றாம் மாடி நடையில் பினாயில் வாசனை அடித்தது. கடைசி அறையை நெருங்க நெருங்க அது மங்கி, ஈர மரத்தின் வாசனை வந்தது. அதற்கும் அடியில் வேறொன்று. நெஞ்சு அடைத்தால் உறிஞ்சுவார்களே, அந்த மருந்தின் குளிர்ந்த இனிப்பு வாசனை. கதவில் பூட்டுத் தொங்கியது. மழையில் ஊறி மரம் உப்பியிருந்தது.

உள்ளே ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. டக். டக் டக். கொஞ்சம் நின்று, மறுபடி டக் டக் டக்.

கூரை ஒழுகுகிறது போல என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். அலமாரியில் பதினேழாம் அறையின் மஞ்சள் வயரைப் பிடுங்கி, சுருட்டி, பையில் போட்டாள். பச்சை விளக்கு அணைந்தது.

திரையில் அந்தக் கணினி அப்படியே இருந்தது.

பழைய பதிவு, தானாகப் போய்விடும் என்று மூடி வைத்தாள்.

மறுநாள் தரைத்தளக் கூடம் திருவிழாக் கூட்டமாக இருந்தது. பெட்டி இழுக்கும் சத்தம், மெத்தை சுமந்த அப்பாக்களின் மூச்சிரைப்பு, "சாப்பிட்டியா சாப்பிட்டியா" என்று வந்த நிமிடமே ஏக்கம் பிடித்த அம்மாக்கள். அவளுடைய மேசையைச் சுற்றி வயர்களாகக் கிடந்ததால் பத்து மணிக்குள் அவளுக்குப் பேர் வைத்துவிட்டார்கள். வயர் அக்கா.

பதினோரு மணி வாக்கில் ஒரு சின்னப் பெண் கணினியை நீட்டினாள். கண்ணாடி அத்தனை தடிமன். பின்னால் நின்ற தோழிகள் ஏற்கெனவே 'சோடாபுட்டி' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அவளும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தாள்.

"இது யாரோடது? உள்ள ஊர்ப்பட்ட வைரஸ் இருக்கே," என்றாள் வயர் அக்கா.

"செகண்ட் ஹேண்டுக்கா. அப்பா வாங்கித் தந்தாரு. ரொம்ப மோசமா?"

"சுத்தம் பண்ண ஒரு நாளாகும். இங்கயே விட்டுட்டுப் போ. நாளைக்கு சாயந்திரம் வாங்கிக்கோ."

"வந்த முதல் நாளே என்னை ஒதுக்கி வெச்சிட்டீங்களே அக்கா," என்று சிரித்தாள் சோடாபுட்டி. "என்னைச் சுத்தம் பண்ணவும் ஏதாவது இருந்தா சொல்லுங்க, வீட்ல சந்தோஷப்படுவாங்க."

வரிசையே சிரித்தது. அவளுக்கு மூன்றாம் மாடியில் பதினாறாம் அறை கொடுத்திருந்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் திரையின் மூலையில் ஒரு கோரிக்கை வந்து விழுந்தது. முதல் வரி மட்டும் தெரிந்தது.

அக்கா, ப்ளீஸ், கொஞ்சம் திறந்து விடுங்க...

தனியறையிலிருந்து வரும் கோரிக்கைகளில் பாதி இப்படித்தான் இருக்கும். இணையத்தைத் திறந்து விடுங்கள், படம் பார்க்கணும், பரீட்சை இருக்கு. அவள் நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை. விரல் தன்பாட்டுக்குப் போய்ப் பொத்தானை அமுக்கியது. 'உங்கள் கணினி பாதுகாப்பு விதிகளை நிறைவு செய்யவில்லை. வைரஸ் தடுப்பை நிறுவியபின் மீண்டும் முயலவும். உங்கள் கோரிக்கை முடிக்கப்பட்டது.'

பத்து நிமிடத்தில் மறுபடி. அதே வரி. மறுபடி அமுக்கினாள்.

மூன்றாவது முறை வந்தபோதுதான் எரிச்சலுடன் அறை எண்ணைப் பார்த்தாள்.

மூன்றாம் மாடி, பதினேழு.

பையைத் திறந்தாள். மஞ்சள் வயர் சுருட்டி வைத்தபடியே கிடந்தது.



மதியம் கூட்டம் குறைந்ததும் எலெக்ட்ரீஷியனைத் தேடிப் போனாள். ஐம்பது வயது மனிதர். விடுதியின் பின்பக்கம் பம்ப் அறை வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பதினேழாம் நம்பர்ல வேற லைன் ஏதாவது போகுதா?"

டம்ளர் பாதி வழியில் நின்றது. "ஏன் மேடம்?"

அவள் சொன்னாள். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"உங்களுக்கு யாரும் சொல்லலியா? சொல்ல மாட்டாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரெண்டு வருஷம் முன்னாடி, லீவு நேரம். எல்லாரும் ஊருக்குப் போயாச்சு. ஒரு பொண்ணு மட்டும் ப்ராஜெக்ட் முடிக்கணும்னு தங்கிருச்சு. இதே மாதிரி மழை. கதவு ஊறி இறுகிருச்சு, இழுத்துத் திறக்கப் பாத்திருக்கு. உள்பக்கக் கைப்பிடி கழண்டு கையோட வந்துருச்சு. ஜன்னலுக்கு எதிர்ல தண்ணித் தொட்டிச் சுவரு. கத்தினா யாருக்குக் கேக்கும்? போனும் எடுக்காது. அதுக்கு மூச்சுத் தொந்தரவு வேற."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. மூணு நாள். ஃப்யூஸ் போச்சுன்னு நான்தான் மேல போனேன். அந்தக் கதவு வெளியில இருந்து லேசா அமுக்கித் தள்ளினா திறந்துக்கும் மேடம். ஒரு தள்ளு. யாராவது வந்து ஒரு தள்ளு தள்ளியிருந்தா..." அவர் தரையில் கிடந்த ஒரு திருகாணியை எடுத்துத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அவளோட கம்ப்யூட்டர்?"

"அவங்க அப்பா அன்னிக்கே எடுத்துட்டுப் போயிட்டாரு. உள்ள ஒண்ணும் இல்ல."

அவள் கணினிப் பிரிவுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். பழைய கோரிக்கைகள் எல்லாம் கிடங்கில் இருந்தன. யாரும் அழிக்கவுமில்லை, பார்க்கவுமில்லை. தனியறையில் நின்ற கணினியின் அடையாள எண்ணைப் போட்டுத் தேடினாள். எண் பொருந்தியது. இரண்டு வருடம் முந்தைய தேதி. வைரஸ் காரணமாகத் தனியறைக்கு மாற்றப்பட்டது. அதன்பின் அந்த அறையிலிருந்து வந்தவை மூன்று நாளில் ஆறு கோரிக்கைகள். ஆறும் ஒரே வரியில் தொடங்கின.

அக்கா, ப்ளீஸ், கொஞ்சம் திறந்து விடுங்க...

வரியின் ஓரத்தில் 'மேலும்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கினால் முழுக் கோரிக்கையும் விரியும். அந்தப் பழைய வேலையில் யாரும் அதை அமுக்குவதில்லை. நூற்றைம்பது முடிக்க வேண்டுமே.

இப்போது அமுக்கினாள்.

'அக்கா, ப்ளீஸ், கொஞ்சம் திறந்து விடுங்க. நெட்டைச் சொல்லல. என் ரூம் கதவைச் சொல்றேன். கைப்பிடி கழண்டு போச்சு. உள்ள மாட்டிக்கிட்டேன். இந்த ஒரு பக்கம்தான் ஓப்பன் ஆகுது. யாருக்காவது போன் பண்ணிச் சொல்லுங்க, ப்ளீஸ்.'

ஆறாவது கோரிக்கையில் எழுத்துகள் கலைந்திருந்தன. 'அக்கா இன்ஹேலர் தீர்ந்துருச்சு. வைரஸ் சாஃப்ட்வேர் கண்டிப்பா போட்டுடறேன். முதல்ல கதவைத் திறந்து விடுங்க.'

ஆறுக்கும் பதில் போயிருந்தது. ஒரே பதில். அந்தப் பதிலை அனுப்பியவரின் பெயர் இருக்காது, எண் மட்டும்தான் இருக்கும்.

உதவியாளர் இருபத்தேழு.

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். ஐந்து வருடம் அவள் கழுத்தில் தொங்கிய அட்டையில் இருந்த எண் அது.

அன்று அவள் வீட்டில் சாப்பாட்டைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "உடம்பு சரியில்லையா?" என்று கணவன் கேட்டதற்கு ஆமாம் என்று தலையாட்டினாள். அந்த வாரம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் நினைவில்லை. அதுதான் அவளை வதைத்தது. ஆறு முறை ஒருத்தி அக்கா என்று கூப்பிட்டிருக்கிறாள். இவளுக்கு ஒரு முறை கூட நினைவில்லை.

மூன்றாம் நாள் காலை புது மாணவிகள் எல்லாரையும் அறிமுகக் கூட்டத்துக்காகப் பெரிய அரங்கத்துக்கு அழைத்துப் போயிருந்தார்கள். வார்டன் அம்மாவும் அங்கேதான். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. காலியான கூடத்தில் அவள் மட்டும் மேசையில் உட்கார்ந்து, சோடாபுட்டியின் கணினியைத் துடைத்துச் சீராக்கிக்கொண்டிருந்தாள். பகல் பதினொன்றுக்கே கூடம் சாம்பல் நிறமாக இருந்தது.

மருந்து வாசனை வந்தது.

இங்கே, தரைத்தளத்தில், அவள் மேசைக்குப் பக்கத்தில்.

திரையின் மூலையில் கோரிக்கை விழுந்தது.

அக்கா, ப்ளீஸ், கொஞ்சம் திறந்து விடுங்க...

இந்த முறை விரல் பழைய பொத்தானுக்குப் போகவில்லை. 'மேலும்' என்பதை அமுக்கினாள்.

'அக்கா, ப்ளீஸ், கொஞ்சம் திறந்து விடுங்க. எனக்கு இல்ல. எனக்கு இனிமே எதுக்கு. இவ உள்ள மாட்டிக்கிட்டா. கத்திக் கத்தி ஓஞ்சுட்டா. இன்னிக்காவது வாங்க.'

அவள் படிகளை எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் முழங்கால் இடித்து ரத்தம் வந்தது. அதையும் பிறகுதான் பார்த்தாள். மூன்றாம் மாடி நடை முழுக்க ஈரம். கடைசிக் கதவின் பூட்டுத் திறந்திருந்தது. சாவியோடு அது தாழ்ப்பாளில் தொங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே டக் டக் டக் டக் என்று சத்தம். மூச்சு விடாமல், அவசர அவசரமாக.

கைப்பிடியை அமுக்கித் தோளால் தள்ளினாள்.

சத்தம் நின்றது.

ஒரு தள்ளுக்கே கதவு திறந்துகொண்டது. வாசலை ஒட்டித் தரையில் சோடாபுட்டி சுருண்டு கிடந்தாள். உதடு வெளுத்து, முகமெல்லாம் தூசியும் கண்ணீரும். கண்ணாடி உடைந்து ஓரமாகக் கிடந்தது. வயர் அக்கா அவளை அள்ளியெடுத்து நடைக்கு இழுத்து வந்தாள். கன்னத்தில் தட்டினாள். சோடாபுட்டி இருமி, மூச்சை இழுத்து, அவள் புடவையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி ஆச்சு? எதுக்கு இதுக்குள்ள போன?"

"ரூம்ல நாற்காலி இல்லக்கா. வார்டன் அம்மாதான் சாவி குடுத்து எடுத்துக்கச் சொன்னாங்க. காத்துல கதவு அடிச்சிருச்சு. உள்ள கைப்பிடியே இல்ல. எல்லாரும் கூட்டத்துக்குப் போயிட்டாங்க. தூசி... மூச்சே விட முடியல."

"சரி, சரி. வந்துட்டேன்ல."

"நீங்க வருவீங்கன்னு அவங்க சொன்னாங்கக்கா."

"யாரு?"

"உள்ள ஒரு அக்கா இருக்காங்களே." சோடாபுட்டி மூக்கை உறிஞ்சினாள். "கண்ணாடி உடைஞ்சு போச்சு, சரியாத் தெரியல. கட்டில்ல உக்காந்து டைப் பண்ணிட்டே இருந்தாங்க. கத்தாத, மூச்சு வீணாப் போகும், நான் எழுதிட்டேன்னு சொன்னாங்க."

வயர் அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

திறந்த கதவுக்குள்ளிருந்து குளிர் அவள் முதுகைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணை அணைத்துப் பிடித்தபடியே, முகத்தைத் திருப்பாமல், மிக மெதுவாகச் சொன்னாள். "மன்னிச்சிரும்மா."

உள்ளே கட்டில் ஒரு முறை முனகியது, யாரோ எழுந்துகொண்டதைப் போல.

சோடாபுட்டி மருத்துவ அறையில் ஒரு நாள் இருந்து தேறிவிட்டாள். அறையை மாற்றிக் கொடுத்தார்கள். வயர் அக்கா ஆறு கோரிக்கைகளையும் தாளில் அச்செடுத்துக்கொண்டு வார்டன் அம்மாவிடம் போனாள். அவர் முதலிரண்டைப் படித்துவிட்டு மற்றதைக் கவிழ்த்து வைத்தார்.

"இதைக் கிளறி என்னம்மா ஆகப் போகுது? உன் வேலைதான் போகும்."

"போகட்டும்மா. அந்தப் பொண்ணு வீட்டு நம்பர் மட்டும் குடுங்க."

வாசலுக்கு வந்து, சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று கூப்பிட்டாள். எடுத்த அப்பாவின் குரல் தளர்ந்திருந்தது. தான் யார், என்ன வேலை செய்தவள் என்று சொன்னாள். மகள் எழுதியதை ஒவ்வொன்றாகப் படித்தாள். மறுமுனையில் வண்டி போகும் இரைச்சல் மட்டும் தூரத்தில் கேட்டது.

"அவ கடைசியா யார்கிட்டயாவது பேசினாளான்னுதான்மா ரெண்டு வருஷமா எல்லாரையும் கேட்டுட்டு இருக்கேன்," என்றார் கடைசியில். "பேசியிருக்கா. அதுக்கு நீ என்னம்மா பதில் சொன்ன?"

அவள் தாளைப் பார்த்தாள். அந்த வரி அங்கே இருந்தது. அதை மாற்றிச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. முழுவதையும் படித்தாள். 'உங்கள் கோரிக்கை முடிக்கப்பட்டது' என்பது வரைக்கும்.

அவர் கேட்டார். "ஆறு தடவையுமா?"

"ஆமாங்க."

இணைப்பு அறுந்தது. அவள் மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

கல்லூரி மேலிடத்துக்கும் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். விசாரணை என்றார்கள், அதுவரை வேலையில் இரு என்றார்கள். அவள் முதல் வேலையாகத் தனியறைப் பக்கத்தை மாற்றினாள். இனி எந்தக் கோரிக்கையும் முழுக்கத்தான் விரியும். ஒரே பொத்தானில் பதில் போகாது. ஆபத்து என்று ஒரு சிவப்புக் கட்டம், அதை அமுக்கினால் வார்டன் அறையில் மணி அடிக்கும். எலெக்ட்ரீஷியனும் தச்சரும் சேர்ந்து பதினேழாம் அறையின் கதவை நிலையிலிருந்தே கழற்றினார்கள். அந்த அறை இனிமேல் திறந்தே கிடக்கட்டும் என்று அவள்தான் கேட்டுக்கொண்டாள். தனியறைப் பட்டியலில் அந்தக் கணினி அன்றே காணாமல் போயிற்று.

அவள் கொஞ்சம் தூங்கத் தொடங்கினாள்.

எட்டாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு எலெக்ட்ரீஷியன் கணினிப் பிரிவு வாசலில் வந்து நின்றார். சட்டை முழுக்க வியர்வை.

"மேடம், ஒரு நிமிஷம் வர்றீங்களா?"

"என்னண்ணே?"

"வாங்க. நீங்களே பாருங்க."

பம்ப் அறையைத் தாண்டித் தச்சுக் கொட்டகை இருந்தது. தச்சர் வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரமாட்டேன் என்று கையை ஆட்டினார். கொட்டகைக்குள் மரத்தூள் வாசனை. பின்சுவரில் அந்தக் கதவைச் சாய்த்து வைத்திருந்தார்கள். கைப்பிடி, பூட்டு, கீல் எல்லாவற்றையும் பிடுங்கியாயிற்று. கைப்பிடி இருந்த இடத்தில் ஓர் ஓட்டை மட்டும். கதவுக்கும் செங்கல் சுவருக்கும் நடுவே நாலு விரல் கூட நுழையாது.

"காலையில இருந்து," என்றார் எலெக்ட்ரீஷியன் கிசுகிசுப்பாக.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மரத்தின் மறுபக்கத்தில் மெல்ல மூன்று தட்டு.

பிறகு கொஞ்சம் இடைவெளி. பொறுமையாக, மறுபடி மூன்று.

"நிலையும் இல்ல, வாசலும் இல்ல," என்றார் அவர். "இதை இனிமே எந்தப் பக்கமா மேடம் திறக்கறது?"

அவள் பக்கத்தில் போனாள். மரம் குளிர்ந்திருந்தது. குனிந்து அந்த ஓட்டையில் கண்ணை வைத்தாள். செங்கல்தான் தெரிந்திருக்க வேண்டும்.

வெளிறிய நீல வெளிச்சம் தெரிந்தது. ஒரு திரையின் வெளிச்சம். அதன் முன்னால் ஒரு கட்டிலின் விளிம்பு, சுருக்கம் விழுந்த ஒரு போர்வை.

பிறகு உள்ளே யாரோ ஓட்டைக்கு அருகில் வந்து, அந்த வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றார்கள்.